ஏழரை மாதம்: கஞ்சி நன்றாகக் குடிக்கிறாள், நிறை மட்டும் ஏறவில்லை

உவர்மலைத் தாய் (திருகோணமலை) – திங்கள், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முதல் பிள்ளை, மகள். ஏழரை மாதம் ஆகிறது. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஆறு மாதம் முடிந்த கிழமையே கோணேசர் கோயிலுக்குக் கொண்டுபோய் சோறு தீத்தி, வீட்டிலும் சாப்பாடு தொடங்கிவிட்டோம்.

ஆறாம் மாதம் 7.1 கிலோ இருந்தாள். ஏழாம் மாதம் 7.2. போன கிழமை மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து நிறுத்தபோதும் அதே 7.2. நிறை குறிக்கிற கிளினிக் புத்தகத்தில் அதுவரை மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு அப்படியே படுத்துவிட்டது. பயப்படும் அளவுக்குக் கீழே போகவில்லை, ஆனால் ஏறாமல் நிற்பது நல்லதில்லை என்றார். என்ன கொடுக்கிறேன், எப்படிக் கொடுக்கிறேன் என்று எழுதி வைக்கச் சொன்னார். எழுதியதை இங்கேயும் போடுகிறேன்.

காலை அரிசியும் பயறும் போட்ட கஞ்சி. மதியம் அரிசி, பருப்பு, கரட். பின்னேரம் குரக்கன். எல்லாவற்றையும் நன்றாக அவிய வைத்து, பிளெண்டரில் அடித்து, துணியில் வடித்து, போத்தலில் ஊற்றிக் கொடுக்கிறேன். கஞ்சி அடைத்துக்கொள்வதால் சூப்பியின் ஓட்டையை ஊசி சுட்டுக் கொஞ்சம் பெரிதாக்கினேன். ஒவ்வொரு முறையும் ஒரு போத்தல் முழுவதும் குடித்துவிடுகிறாள். அதனால்தான் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாப்பிடாத பிள்ளை மெலிந்தால் காரணம் தெரியும். இவள் வயிறு நிறையக் குடிக்கிறாளே.

மாமி, மீனும் முட்டையும் ஒரு வயது வரை கூடாது, தோலில் கிரந்தி எழும்பும் என்கிறார். அம்மாவோ உனக்கு நாலாம் மாதமே ரஸ்க் கரைத்துத் தந்தேன், நீ கொழுகொழு என்று வளர்ந்தாய் என்கிறார். இரண்டு பேரும் பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

நிலாவெளிக் காற்று – திங்கள், இரவு 10.41

தங்கச்சி, இரண்டு கேள்வி. காய்ச்சல், வயிற்றோட்டம் ஏதாவது வந்ததா? இப்போது ஒரு நாளைக்கு எத்தனை தடவை பால் குடிக்கிறாள்?

உவர்மலைத் தாய் – திங்கள், இரவு 10.55

காய்ச்சலும் இல்லை, வயிற்றோட்டமும் இல்லை அக்கா. பால்தான் குறைந்துவிட்டது. கஞ்சி குடித்த பிறகு மார்பில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பகலில் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, அவ்வளவுதான். முன்பு எட்டு, ஒன்பது தடவை குடிப்பாள்.

வார்ட் அக்கா – செவ்வாய், காலை 5.50

இரவுக் கடமை முடிந்து வந்து இதைப் படித்தேன். 14 வருடமாகப் பிள்ளைகள் வார்டில் தாதியாக இருக்கிறேன். உங்கள் எழுத்திலேயே விடை இருக்கிறது தங்கச்சி. அடித்து, வடித்து, போத்தலில் ஊற்றி என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி அரிசியில் ஏறத்தாழ 50 கலோரி இருக்கும். அதை இரண்டு கோப்பை தண்ணீரில் காய்ச்சி, திப்பியை வடித்து எறிந்துவிட்டால், ஒரு போத்தலில் மிஞ்சுவது 20, 30 கலோரி. தாய்ப்பாலில் 100 மில்லிலீற்றருக்கே 65 முதல் 70 கலோரி இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது. ஆக, பாலை விடச் சத்துக் குறைந்த தண்ணீரால் வயிற்றை நிரப்பி, அந்த அளவுக்குப் பாலைக் குறைத்திருக்கிறோம். பிள்ளைக்குப் பசி தெரியவில்லை, அதனால் அழவும் இல்லை. நிறை மட்டும் நின்றுவிட்டது. வார்டில் இதை அடிக்கடி பார்க்கிறேன், நன்றாகக் கவனிக்கிற வீடுகளிலேயே அதிகம் பார்க்கிறேன். பிள்ளைக்குச் சிக்கிவிடக் கூடாது என்ற பயத்தில் தண்ணீராக்கிவிடுகிறோம்.

ஆறு முதல் எட்டு மாதம் வரை, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குச் சாப்பாட்டில் இருந்து நாளொன்றுக்கு 200 கலோரி அளவு வேண்டும். ஒன்பதில் இருந்து பதினொன்று வரை 300. ஒரு வயதுக்குப் பிறகு 550. அந்தச் சின்ன வயிற்றுக்குள் இதைக் கொண்டுபோக ஒரே வழி சாப்பாடு தடிப்பாக இருப்பதுதான். சோற்றைக் கரண்டியில் எடுத்துச் சரித்துப் பாருங்கள். ஓடி விழுந்தால் அது கஞ்சி. கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டு நின்று, உதறினால் பொத்தென்று விழுந்தால் அதுதான் சாப்பாடு.

சிவப்பரிசி, வெள்ளையரிசி எதுவானாலும் ஒரு பங்கு, பருப்போ பயறோ அரைப்பங்கு. தண்ணீர் வற்றிக் குழையும் வரை அவிக்கவும். இறக்கும் முன் கீரையோ பூசணியோ சேர்க்கவும். மசித்த பிறகு தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டுக் கலக்கவும். அந்த ஒரு கரண்டி எண்ணெயே 40 கலோரி. எண்ணெய்க்குப் பதில் தேங்காயின் முதற்பாலும் சேர்க்கலாம். உப்பும் சீனியும் ஒரு வயது வரை வேண்டாம். நமக்குச் சப்பென்று இருக்கும், அவளுக்கு அப்படி இருக்காது.

பிளெண்டரை மேலே தூக்கி வையுங்கள். அதைவிட முக்கியம், போத்தலை விட்டுவிடுங்கள். கரண்டியாலோ கையாலோ தீத்துங்கள். பாலை முன்புபோல் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள், இரவில் எழும்பினால் இரவிலும். இந்த வயதில் சாப்பாடு பாலோடு சேர வேண்டும், பாலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரக் கூடாது. அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ஒரு அழைப்பு எடுத்து இதைச் சொல்லுங்கள்.

பாலையூற்று அம்மம்மா – செவ்வாய், காலை 8.15

பேத்தியின் கைபேசியில் இருந்து எழுதுகிறேன். மூன்று பிள்ளை, ஐந்து பேரப்பிள்ளை வளர்த்தவள்.

பிள்ளை, உன்னுடைய அம்மா நாலாம் மாதம் தொடங்கினது அறியாமையில் இல்லை. அந்தக் காலத்தில் கிளினிக்கிலேயே அப்படித்தான் சொன்னார்கள். அதனால் அவவோடு வாதாட வேண்டாம்.

மற்றது, நாங்கள் வடித்துக் கொடுத்ததே இல்லை. குழையச் சோறாக்கி, சின்ன வெண்கலக் கும்பாவில் போட்டு, நடுவிரலாலும் பெருவிரலாலும் ஒரு பருக்கை தெரியாமல் பிசைவோம். விரலில் கட்டி தட்டுப்பட்டால் எடுத்து நாங்கள் வாயில் போட்டுக்கொள்வோம். சூடு சரியா என்று விரலே சொல்லும். பிசைந்த சோற்றைக் கொட்டைப்பாக்களவு உருட்டி, பெருவிரலால் மெல்லத் தள்ளி வாயில் வைப்போம். கையை மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். பிளெண்டர் எல்லாம் பிறகு வந்த வேலை.

வார்ட் அக்கா – செவ்வாய், மாலை 4.30

அம்மம்மா சொன்னது முழு உண்மை. முன்பு நாலு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லி வந்தது. 2001இல்தான் அதை ஆறு மாதம் முடிந்த பிறகு என்று மாற்றினார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் குறைவாக வந்ததும் ஒரு காரணம். உங்களுக்கு நாலாம் மாதம் தந்த அம்மாவும் சரி, ஆறு மாதம் காத்திருந்த நீங்களும் சரி.

உவர்மலைத் தாய் – செவ்வாய், இரவு 9.05

இன்று போத்தல் இல்லாமல் முயன்றேன். சோறும் பருப்பும் பூசணியும், அம்மம்மா சொன்ன மாதிரி கையால் பிசைந்தேன். முதல் வாயை நாக்கால் வெளியே தள்ளினாள். இரண்டாவதும் வெளியே. மூன்றாவது உள்ளே போனது, முகத்தைச் சுளித்து, ஓக்கரித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பயந்து நிறுத்திவிட்டேன். மொத்தமே ஒரு வாய்தான் உள்ளே போயிருக்கும். மாமி பிள்ளையை ஏன் பட்டினி போடுகிறாய் என்று கேட்டார். அறைக்குள் போய் அழுதேன்.

கிண்ணியா உம்மா – செவ்வாய், இரவு 9.30

அழாதீர்கள் தங்கச்சி. என் இரண்டாவது மகனும் இப்படித்தான். ஆறு மாதத்தில் இருந்து எட்டு மாதம் வரை சூப்பியில் குடித்துப் பழகியதால் வாய்க்குள் சாப்பாட்டை எப்படி நகர்த்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. துப்புவது வெறுப்பு இல்லை. நாக்கு இதுவரை ஒரே வேலையைத்தான் பார்த்தது, உறிஞ்சுகிற வேலை. புதிதாக ஒன்றைப் பழகுகிறது.

ஒரே சாப்பாட்டை எட்டு, பத்துத் தடவை கொடுத்த பிறகுதான் சில பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளும். நான் என்ன செய்தேன் என்றால், பாய் விரித்து, அவனை மடியில் நிமிர்த்தி இருத்தி, நாங்கள் சாப்பிடுகிற நேரத்திலேயே அவனுக்கும் ஒரு சின்னக் கோப்பை வைத்தேன். கையை விட்டு அளைந்தான், தலையில் பூசினான். மூன்றாம் நாள் தானாகவே விரலைச் சப்பினான். நாலாம் நாள் வாய் திறந்தான். வாயை இறுக்கி மூடினால் அன்றைக்கு அவ்வளவுதான், வலிந்து திணிக்க மாட்டேன்.

பட்டினி என்று மாமி சொல்வதற்கு, சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு முன்னாலேயே பால் கொடுங்கள். பிள்ளை வயிறு நிறைந்து தூங்குவதைக் கண்டால் அவருக்கும் மனம் ஆறும்.

வார்ட் அக்கா – புதன், காலை 6.10

ஓக்கரித்தது பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தில்தான் பலர் திரும்பவும் போத்தலுக்குப் போகிறார்கள். ஓக்காளம் என்பது பிள்ளையின் காவல். இந்த வயதில் நாக்கின் முன்பக்கம் பட்டாலே ஓக்கரிக்கும். சத்தம் வரும், இருமும், முகம் சிவக்கும், பிறகு தானே சரியாகும். அப்போது விரலை வாய்க்குள் விடாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். கிட்ட இருந்து பார்த்துக்கொண்டால் போதும்.

தொண்டை அடைத்தால் சத்தமே வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். அப்போது பிள்ளையை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை கீழே இருக்கும்படி, தாடையைப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் ஐந்து தடவை தட்டுங்கள். வரவில்லை என்றால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து தடவை அழுத்துங்கள். திரும்பத் திரும்ப இதையே செய்யுங்கள், இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கட்டும். முழுக் கச்சான் (நிலக்கடலை), முழுத் திராட்சை, பச்சைக் கரட் துண்டு, ரொஃபி இவற்றைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். படுக்க வைத்து ஒருபோதும் தீத்தாதீர்கள்.

தம்பலகாமத்தான் – புதன், மதியம் 12.40

நான் தகப்பன். மனைவி வேலைக்குப் போவதால் பகல் சாப்பாடு என் பொறுப்பு. எட்டு மாதத்தில் எங்கள் மகனுக்கு மிகவும் பிடித்தது மசித்த வற்றாளங்கிழங்கும் எங்களூர் எருமைத் தயிரும். முட்டித் தயிரின் மேலே உள்ள தடித்த ஆடையை ஒரு கரண்டி எடுத்துக் கிழங்கோடு கலப்பேன். சீனியோ பாணியோ இல்லை. தயிர் புதிதாக இருக்க வேண்டும், புளித்தால் எடுக்க மாட்டான். பசும்பாலை மட்டும் ஒரு வயது வரை பாலாகக் குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். தயிர் கொஞ்சம் சாப்பாட்டோடு சேர்க்கலாமாம்.

வெயில் காலத்தில் காலையில் ஆக்கினதை மதியத்துக்கு வைக்காதீர்கள். ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாகப் புதிதாக ஆக்குவதுதான் நல்லது.

உவர்மலைத் தாய் – புதன், இரவு 8.20

இன்று ஏழு கரண்டி! போத்தலைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன். மிட்வைஃப் மிஸ்ஸுடனும் கதைத்தேன். சாப்பாட்டைத் தடிப்பாக்கச் சொல்லித்தான் அவரும் சொல்ல இருந்தாராம்.

மீன் பற்றிச் சொல்லுங்கள். கிரந்தி என்று மாமி நிற்கிறார். கணவர் தினமும் மீன் வாங்கி வருகிறார், பிள்ளை அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

திருக்கடலூர் அப்பா – புதன், இரவு 9.00

மீன் என்றால் நான் சொல்கிறேன், பரம்பரையாகக் கடல் வேலை. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் மீன் விளைமீன்தான். வெள்ளைச் சதை, மென்மை, முள் பெரிதாக இருப்பதால் எடுப்பது சுலபம். கரைக்கு வந்த அன்றைய மீனாக இருக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் இரத்தச் சிவப்பாக இருக்கும், கண் துருத்திக்கொண்டு பளபளக்கும்.

வயிற்றுப் பக்கத்தை விட்டு, முதுகுத் துண்டை மட்டும் ஒரு துளி மஞ்சள் தடவி ஆவியில் அவியுங்கள். ஆறியதும் தோலை உரித்து, சதையை இதழ் இதழாகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு இதழையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். கண்ணுக்குத் தப்பின முள் விரலுக்குத் தப்பாது. நான் வெள்ளைத் தட்டில் தேய்த்தும் ஒரு தடவை பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் சோற்றோடு பிசைவது. சூடை, கீரி ருசியாக இருக்கும், ஆனால் பொடி முள், இப்போது வேண்டாம்.

சுறா பால் சுரக்க நல்லது என்று தாய்க்குச் சமைப்பார்கள். ஆனால் பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் பிள்ளைக்குச் சுறாவும் தளப்பத்தும் கொடுக்க வேண்டாம் என்று எங்களுக்கு வைத்தியர் சொன்னார்.

வார்ட் அக்கா – வியாழன், காலை 6.30

மாமியின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. கிரந்தி என்று மூத்தவர்கள் சொல்வதில் தோலில் தடிப்பு, சொறி எழும்புவதும் அடங்கும். அப்படி ஒவ்வாமை வரும் பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே கடுமையான கரப்பான் இருந்தால், முட்டையோ கச்சானோ தொடங்கும் முன் வைத்தியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் தள்ளிப்போட வேண்டியதில்லை. பிந்திக் கொடுத்தால் ஒவ்வாமை வராது என்ற எண்ணம்தான் பிழைத்துவிட்டது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் செய்த கச்சான் ஆய்வு 2015இல் வெளிவந்தது. முதல் வயதிலேயே கச்சானைச் சாப்பிடத் தொடங்கிய பிள்ளைகளுக்கு, விலக்கி வைத்த பிள்ளைகளை விடக் கச்சான் ஒவ்வாமை மிகமிகக் குறைவாகவே வந்தது. முழுக் கச்சான் இல்லை, நன்றாக அரைத்துச் சாப்பாட்டில் கரைத்தது.

புதிய சாப்பாட்டைக் காலையில் கொடுங்கள், கொஞ்சமாக. இரண்டு, மூன்று நாள் அதையே தொடர்ந்து பாருங்கள். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி கண்டால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

மீனும் முட்டையும் ஈரலும் ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. தாயிடம் இருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு தீரத் தொடங்குகிறது, தாய்ப்பாலில் இரும்பு குறைவு. ஏழு முதல் பன்னிரண்டு மாதப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது அமெரிக்க அட்டவணை. அதே அட்டவணையில் வளர்ந்த ஆணுக்கு 8தான். கோழி ஈரலை அவித்துச் சோற்றில் மசித்துக் கிழமைக்கு ஒரு தடவை, கொட்டைப்பாக்களவு கொடுங்கள்.

வில்லூன்றி வீட்டார் – வியாழன், காலை 10.15

நாங்கள் சைவம். முட்டைகூட இல்லை. என்ன செய்யலாம்?

வார்ட் அக்கா – வியாழன், மாலை 5.00

பயறு, பருப்பு, கௌப்பி, உளுந்து, முருங்கையிலை. இவற்றில் உள்ள இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி வேண்டும். பருப்புச் சோற்றில் நாலு துளி தேசிக்காய்ப் புளி விடுங்கள், அல்லது சாப்பிட்ட பிறகு பப்பாசிப்பழமோ தோடம்பழமோ கொடுங்கள். பிளேன்ரீயில் பிஸ்கட் தோய்த்துக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள், தேயிலை இரும்பைச் சேர விடாது. கிளினிக்கிலும் சைவம் என்று சொல்லி வையுங்கள், இரும்புச்சத்துத் தேவையா என்று பார்ப்பார்கள்.

நிலாவெளிக் காற்று – வியாழன், இரவு 7.45

ஒரு சின்ன விஷயம். அடுத்த கிழமை எங்கள் வீட்டில் சோறு தீத்தல். பஞ்சாமிர்தம் நாக்கில் தொட்டு வைக்கலாமா?

வார்ட் அக்கா – வியாழன், இரவு 8.30

வேண்டவே வேண்டாம், அதில் தேன் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளியும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு விடும். உடம்பு தளர்ந்து, அழுகை மெலிந்து, மூச்சே நின்றுபோகலாம். அரிதுதான், ஆனால் வந்தால் பெரிது. காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. கோயிலில் அன்பாக யாராவது விரலை நீட்டுவார்கள், பிள்ளையைத் தூக்கியிருப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். சோறும் நெய்யும் தொட்டு வையுங்கள், அழகாக இருக்கும்.

கிண்ணியா உம்மா – வியாழன், இரவு 9.10

எங்களிலும் பிறந்த பிள்ளைக்குத் தேன் தொடுகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. நான் பேரீச்சம்பழத்தைக் கடித்து மென்மையாக்கி அண்ணத்தில் பூசியதோடு நிறுத்திக்கொண்டேன். இந்தத் தேன் விஷயத்தை என் தங்கைக்கும் அனுப்பிவிட்டேன், அவளுக்கு அடுத்த மாதம் பிள்ளை கிடைக்க இருக்கிறது.

உவர்மலைத் தாய் – ஐந்து கிழமைக்குப் பிறகு, சனி, மாலை 6.15

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன். இன்று கிளினிக். 7.6 கிலோ! கோடு நிமிர்ந்துவிட்டது. மிட்வைஃப் மிஸ் பேனாவால் புள்ளி வைத்து இணைத்ததும், நான் புத்தகத்தை வாங்கி வெளியே வாங்கிலில் இருந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இப்போது நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் அரைக் கோப்பை. காலையில் இடியப்பத்தை முதற்பாலில் பிசைந்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவோடு. மதியம் சோறு, பருப்பு, கீரை, விளைமீன். பின்னேரம் கிழங்கும் தயிரும், அல்லது கப்பல் வாழைப்பழம். கீழே இரண்டு பல் வந்துவிட்டது. பால் திரும்பவும் ஏழு தடவை.

மீனுக்கு மாமி எப்படிச் சம்மதித்தார் என்று கேட்பீர்கள். திருக்கடலூர் அண்ணா எழுதினதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலை நான் குளித்துவிட்டு வர, மாமி குசினி வாசலில் காலை நீட்டி இருந்து, அவித்த மீனை வெள்ளைத் தட்டில் வைத்து, ஒவ்வொரு இதழாக இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார். இப்போது மீன் பிசைகிற வேலையை என்னிடம் தருவதே இல்லை.

பல் முளைத்ததற்குப் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பது அடுத்த வெள்ளிக்கிழமை. உள்ளே வைக்கிற தேங்காய்ப்பூவில் சர்க்கரை சேர்ப்போம், அதனால் அது பெரியவர்களுக்கு மட்டும். அவளுக்கு மாமி தனியாகப் பயறு மட்டும் வைத்து இரண்டு அவிக்கிறாராம், மசித்துக் கொடுக்க.